நூலைப் போல சேலை

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, விடுமுறை நாளிலும் அரங்கைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முதல் வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே (பார்த்துவிட்டேன் ஐயா, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்), அனைவருக்கும் வணக்கம். பேராசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவே மாட்டார். அதற்கு என் அலமாரியே சாட்சி.

சரி, மூன்று விஷயம் பேச வந்தேன். செவ்விலக்கியத்தை வைத்து எழுதி அச்சில் வரும் ஃபேன் ஃபிக்‌ஷன் (பிறர் படைத்த கதையையும் பாத்திரங்களையும் எடுத்து எழுதும் மறுபுனைவு) இலக்கியமா, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அதை எப்படி வாசிப்பது. முதல் கேள்விக்குப் பழமொழியே போதும்: தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. வால்மீகி கதையைக் கம்பர் பாடினார். அதே கதையில் வரும் அகலிகையைப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் மறுபடியும் கல்லாக்கினார், சீதை தீக்குளித்த செய்தி கேட்டு! அதை யாரும் காப்பி என்று சொல்லவில்லையே.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டஸ் கதை தெரியுமா? 1605இல் அவருடைய 'டான் குயிக்சாட்' நாவலின் முதல் பாகம் வந்து சக்கைப்போடு போட்டது. அவர் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614இல், அவெயனேடா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் இரண்டாம் பாகம் என்று ஒன்றை வெளியிட்டுவிட்டார். யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதோடு விட்டாரா, முன்னுரையில் செர்வாண்டஸைக் கிழவர், கை ஊனமானவர் என்று கிண்டல் வேறு. மனுஷன் வழக்குப் போடவில்லை, 1615இல் தன் இரண்டாம் பாகத்தின் கதையிலேயே பழிவாங்கினார். விடுதியில் பக்கத்து அறையில் அந்தப் போலிப் புத்தகத்தை வாசிப்பது கதாநாயகன் குயிக்சாட் காதில் விழுகிறது. போலியில் அவன் சரகோசா போகிறானாம், அதனாலேயே "அந்த ஊர்ப் பக்கமே போகமாட்டேன்" என்று பார்சிலோனாவுக்குத் திரும்பிவிடுகிறான். அங்கே அச்சகத்தில் அதே புத்தகத்துக்குப் பிழைதிருத்திக்கொண்டிருக்கிறார்கள்! அப்புறம் போலியில் வந்த ஒரு பாத்திரத்தையே பிடித்து, நிஜ குயிக்சாட் இவர்தான் என்று அதிகாரி முன்னால் எழுதி வாங்குகிறான். கடைசியில் வேறு யாரும் தொடரக்கூடாதென்று ஆசிரியர் அவனைச் சாகவும் வைத்துவிட்டார். அந்தப் போலி வராவிட்டால் இத்தனை ருசியான பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

சட்டத்தைப் பற்றிப் பேசச் செயலாளரின் கடிகாரம் விடாது. நான் போகிற மேடையிலெல்லாம் கேட்பதை இங்கேயும் கேட்டுவிடுகிறேன்: மறுபுனைவின் அட்டையிலேயே மூலத்தின் பெயர் இருக்க வேண்டும், நூலகத்தில் இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டும். ஜீன் ரீஸ் 1966இல் வெளியிட்ட 'வைட் சர்காஸோ சீ' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் வந்த 'ஜேன் அய்ர்' நாவலில் மாடியறையில் அடைத்து வைக்கப்பட்டு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காத, கதாநாயகனின் முதல் மனைவி இதில் வாய் திறந்து பேசுகிறாள். மூலத்தை வாசிக்காமல் இதை எடுத்தவர், கடைசியில் கையில் மெழுகுவர்த்தியோடு அவள் நடக்கும்போது எங்கே போகிறாள் என்று தெரியாமல் முழிப்பார். மூலம் மட்டும் வாசித்தவரோ அவளைப் பைத்தியம் என்று முடித்துவிட்டுப் போய்விடுவார். நூலைப் போல சேலை என்றேனே, நூலையும் பார்க்க வேண்டாமா?

இதற்கான கோரிக்கை மனு வாசல் மேஜையில் இருக்கிறது. நூலகர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். பேராசிரியர் பேனா தேடிக்கொண்டிருக்கிறார், யாராவது ஒன்று கொடுங்கள். வணக்கம்.