பழைய மாருதி 800: வீட்டு வாசல்லயே ஆக்சிலேட்டர் கேபிள் மாத்துறது எப்படி?

(காசிமேட்டுல ஒரு தெரு. பானெட் திறந்து நிக்கிற வெள்ளை மாருதி 800.)

வணக்கம். இது எங்க நைனா வாங்குன 1996 மாடல் மாருதி 800. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. போன மாசம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல திருவொற்றியூர்லேர்ந்து வந்துட்டிருந்தேன். முன்னாடி போன கண்டெய்னர் லாரி பிரேக் அடிச்சது. நானும் காலை எடுத்துட்டேன். ஆனா ரேஸ் இறங்கல. வண்டி லாரியைப் பார்த்து இழுத்துக்கிட்டே போகுது.

அந்த நேரத்துல என்ன செய்யணும்னு முதல்ல சொல்லிடறேன். கிளட்சை முழுசா மிதிச்சு நியூட்ரலுக்குத் தள்ளுங்க. இன்ஜின் கத்தும், கத்தட்டும். பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்திப் பிடிங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க. பிரேக் பூஸ்டர் இருக்கிற பெட்ரோல் வண்டியில அதுக்கு வேண்டிய வேக்யூம் இன்ஜின்லேர்ந்துதான் வருது. திராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காத்துப் போற வழியைத் திறந்து மூடுற தகடு, திறந்தே நின்னா அந்த வேக்யூம் கிடைக்காது. மிச்சம் இருக்கிறதையும் நாலு தடவை மிதிச்சுத் தீர்த்துட்டா, பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். வண்டி நின்னப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஓடும்போது சாவியை உருவினா ஸ்டீயரிங் லாக் விழுந்துடும், அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க.

(கையில பழைய கேபிள். நுனியைக் கிட்டக்க காட்டணும்.)

அன்னைக்குக் கழட்டுனது இதான். நிப்பிள் பக்கத்துல, அதாவது கேபிள் நுனியில இருக்கிற குமிழ் பக்கத்துல பாருங்க, நாலு இழை அறுந்து சுருண்டிருக்கு. அந்தச் சுருள் அவுட்டரோட, அதாவது வெளி உறையோட வாயில மாட்டிக்கிச்சு. காலை எடுத்ததும் திராட்டிலை மூடுற ரிட்டர்ன் ஸ்பிரிங்கால அதை இழுக்க முடியல. அவுட்டரோட மேல்தோலும் இந்த வளைவுல வெடிச்சிருக்கு பாருங்க, அது வழியா தண்ணி இறங்கி உள்ளே முழுக்க துரு. நம்ம பக்கம் தண்ணி மட்டும் இல்ல, உப்புக் காத்தும் சேர்ந்துக்கும். ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமா வண்டி நிறுத்துறவங்க கிலோமீட்டரை மட்டும் நம்பாதீங்க. எங்க வண்டி வருஷத்துல பாதி நாள் சும்மாதான் நிக்குது. அப்படியும் கேபிள் போச்சு.

பெடல் கரகரன்னு இருந்தாலோ, காலை எடுத்ததும் சட்டுன்னு எழும்பலேன்னாலோ உடனே பாருங்க. எனக்கு ரெண்டு வாரமா அப்படித்தான் இருந்தது. மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அது என் தப்பு.

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கோளாறு கேபிள்லதானான்னு தெரிஞ்சுக்கணும். முதல்ல ஃப்ளோர் மேட் பெடல்ல இடிக்குதான்னு பாருங்க. அப்புறம் இன்ஜின் ஆறினதும் ஏர் கிளீனரைக் கழட்டி, கார்புரேட்டர் லிவர்லேர்ந்து கேபிளை விடுவிச்சிட்டு, லிவரைக் கையால திருப்பி விடுங்க. டக்குனு திரும்புச்சுன்னா கோளாறு கேபிள்ல. லிவரே மெதுவா வந்தா கார்புரேட்டர் ஷாஃப்ட்ல அழுக்கு இருக்கும், இல்லேன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதுக்குப் புது கேபிள் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

கடைக்குப் போகும்போது வருஷத்தைச் சொல்லுங்க, கார்புரேட்டர் வண்டின்னும் சொல்லுங்க. கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுற எம்பிஎஃப்ஐ வண்டிக்கு வேற கேபிள். பழைய கேபிளைக் கையோட எடுத்துட்டுப் போய் ஜி.பி. ரோட்டுக் கடை மேஜையிலயே பக்கத்துல வச்சுப் பாருங்க. அவுட்டர் நீளம், வெளியே நிக்கிற இன்னர் கம்பி நீளம், நிப்பிள் வடிவம் மூணும் ஒத்துப்போகணும். புதுப்பேட்டையில பழைய சாமான் எவ்வளவோ நல்லதா கிடைக்கும், நானே வாங்கியிருக்கேன். கேபிளை மட்டும் அங்க வாங்காதீங்க. உள்ளே எத்தனை இழை போயிருக்குன்னு வெளியேர்ந்து தெரியாது.

(கார்புரேட்டர் பக்கம்.)

வேலைக்கு வருவோம். ஏர் கிளீனரைக் கழட்டினதும் கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால மூடுங்க. ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தாலும் இன்ஜினுக்கு ஆபத்து. கேபிளைப் பிடிச்சிருக்கிற லாக் நட்டு ரெண்டும் எந்த மரையில இருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. நட்டைத் தளர்த்தி, லிவரைக் கையால திறந்து பிடிச்சா கேபிள் தொங்கும். நிப்பிளைக் காடியிலேர்ந்து நகர்த்தி எடுங்க. பக்கத்துலயே சோக் கேபிளும் வரும், அதைத் தொட வேணாம்.

உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்டு, பெடல் தண்டோட மேல்நுனியைப் பாருங்க. நிப்பிள் அங்க ஒரு பிளவுல உட்கார்ந்திருக்கும். அதையும் எடுத்துடுங்க. இப்ப உருவாதீங்க! பழைய கேபிளோட நுனியில ஒரு கெட்டி நூலைக் கட்டிட்டு, அப்புறம் உருவுங்க. கேபிள் போன வழியில நூல் நிக்கும். அதே நூல்ல புதுசைக் கட்டி இழுத்தா அதே வழியில வந்து சேரும். எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது, தகட்டு விளிம்புல உரசக் கூடாது, எங்கயும் மடங்கக் கூடாது. தப்பான வழியில போன புது கேபிள் பழசை விட மோசம்.

இன்ஜினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவுல, கேபிள் நுழையுற தகட்டுல இருக்கிற ரப்பர் சரியா உட்காரலேன்னா மழைத் தண்ணி காலடிக்கு வரும், பெட்ரோல் வாடையும் வரும். விரலால சுத்தி அழுத்திப் பாருங்க. உள்ளே நைலான் குழாய் வச்ச கேபிளா இருந்தா கிரீஸ் போட வேணாம், அது தூசியைத்தான் சேர்க்கும்.

இனி செட்டிங். பொறுமையா செய்ய வேண்டிய இடம் இது. பெடலை விட்ட நிலையில கேபிள்ல கொஞ்சம் தளர்ச்சி இருக்கணும். இறுக்கமா வச்சா ஐடிலிங் ஏறும். இன்ஜின் மவுண்டிங்ல ஆடும்போதெல்லாம் ரேஸும் ஏறி இறங்கும். ரொம்பத் தளர்வா விட்டா திராட்டில் முழுசா திறக்காது, மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது. இதுக்கு இன்னொரு ஆள் வேணும்.

"நைனா, முழுசா மிதி நைனா!"

(பெடல்ல நைனாவோட கால், அப்புறம் லிவர்.)

பெடல் தரையைத் தொடும்போது லிவர் தன்னோட கடைசி முட்டுக்கு வரணும். லிவர் முட்டினப்புறமும் பெடல் இறங்கினா ஒவ்வொரு மிதிக்கும் நிப்பிள் இழுபடும், அங்கதான் மறுபடி இழை அறும். சரியானதும் லாக் நட்டு ரெண்டையும் எதிரெதிரா இறுக்குங்க.

இன்ஜின் ஆஃப்லயே பத்து தடவை முழுசா மிதிச்சு விடச் சொல்லுங்க. பத்து தடவையும் லிவர் டக்குனு திரும்பணும். ஒம்பது போதாது. துணியை எடுத்துட்டு ஏர் கிளீனரைப் போட்டு, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்துப் பாருங்க. அப்புறம் தெருவுக்குள்ளயே ரெண்டு சுத்து. அதுக்கப்புறம்தான் மெயின் ரோடு.

ஒரு வாரம் கழிச்சு பானெட்டைத் திறந்து லாக் நட்டு இறுக்கமா இருக்கா, தளர்ச்சி மாறியிருக்கான்னு பாருங்க. பழைய கேபிளைக் கட்டிங் பிளேயரால ரெண்டா வெட்டிட்டுக் குப்பையில போடுங்க. முழுசா போட்டா யாராவது எடுத்து இன்னொரு வண்டியில மாட்டிடுவாங்க.