புத்தகத் தட்டு நடுவில் தொங்குகிறது, பிளைவுட்டை மாற்றணுமா?

அடுத்த கேள்வி. ஒரு வாசகர் கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கார்பெண்டர் யாரையும் கூப்பிடாமல், தானே 18 மில்லி பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி செய்திருக்கிறார். ஆறடி உயரம், ஒவ்வொரு தட்டும் 4 அடி நீளம். ஒரு வருடத்துக்குள் தட்டெல்லாம் நடுவில் தொங்க ஆரம்பித்துவிட்டதாம். "பிளைவுட் மட்டமா சார்? 25 மில்லி போடட்டுமா, இல்லை தேக்கே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

பிளைவுட் மேல் பழி போடாதீர்கள். 4 அடி என்பதுதான் வம்பு. தமிழ்ப் புத்தகங்கள், வழக்கமான நாவல் அளவான டெம்மி சைஸ் என்று வைத்துக்கொள்வோம், ஓர் அடிக்கு அடுக்கினால் தோராயமாக 6, 7 கிலோ வரும். நாலடிக்கு 25 கிலோவுக்கு மேல். நம் ஆட்கள் ஒரு வரிசையோடு நிறுத்துவதில்லை, முன்னால் இன்னொரு வரிசை வைப்பார்கள், அப்போது 50 கிலோ. அதுவும் ராத்திரி பகல் இறக்காமல் நிற்கிற பாரம். மரம் எதுவாக இருந்தாலும் நிரந்தரமாகப் பாரம் நின்றால் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், அதனால்தான் செய்த அன்றைக்கு நேராக இருந்தது வருடக் கடைசியில் தொங்குகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராகப் பாரம் இருந்தால், தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். நீங்கள் கேட்கிற 25 மில்லி போட்டால் தொய்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும், பரவாயில்லைதான். ஆனால் அதே 18 மில்லியை வைத்துக்கொண்டு நீளத்தை இரண்டரை அடியாக்கியிருந்தால் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும், காசும் செலவில்லை. தேக்கு கொஞ்சம் விறைப்பு கூடும், அவ்வளவுதான். நாலடிக்குத் தேக்கும் தொங்கும், பார்க்க அழகாகத் தொங்கும்.

சரி, செய்தாகிவிட்டது, இனி என்ன? எதையும் தூக்கிப் போட வேண்டாம். புத்தகங்களை இறக்கிவிட்டுத் தட்டுகளைக் கழற்றித் தலைகீழாகத் திருப்புங்கள், தொங்கின பக்கம் மேலே வரட்டும். அப்புறம் 2 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் மரச்சட்டம் வாங்குங்கள், தேக்கு ரீப்பர் கிடைத்தால் நல்லது, கோணல் இல்லாததாகப் பார்த்துப் பொறுக்குங்கள். அதைத் தட்டின் முன் ஓரத்தில் நிறுத்தினாற்போல் ஒட்ட வேண்டும், மேல் பக்கம் தட்டோடு மட்டமாக, மிச்சம் கீழே இறங்கியிருக்கிற மாதிரி. பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்க வைத்தால் வளைகிறது, நிறுத்திப் பிடித்தால் வளைவதில்லை இல்லையா, அதே சங்கதி. அந்த ஒற்றைச் சட்டம் மட்டுமே உங்கள் முழுத் தட்டையும் விட விறைப்பு அதிகம்.

ஓரத்தில் எட்ஜ் பேண்டோ (ஓரத்தை மூட ஒட்டும் பட்டை) மைக்காவோ ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள், ஃபெவிகால் வெறும் மரத்தில்தான் பிடிக்கும். கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஸ்க்ரூவும் போடணும் என்றால் முதலில் 3 மில்லி ட்ரில் பிட்டில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், நேரே முடுக்கினால் பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிளக்கும். ஒன்று கவனியுங்கள், சட்டம் ஒன்றேகால் அங்குலம் கீழே இறங்கும், கீழ்த் தட்டில் உள்ள புத்தகத்தை வெளியே எடுக்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே அளந்து பாருங்கள். இடம் பத்தாவிட்டால் ஒன்றரை அங்குலச் சட்டம் போதும்.

பின்பக்கம் திறந்துதான் இருக்கிறது என்று போட்டோவில் தெரிகிறது. 6 மில்லி பிளைவுட் ஒன்றை முதுகில் வைத்து, ஒவ்வொரு தட்டின் பின் ஓரத்திலும் அரையடிக்கு ஓர் ஆணி அடியுங்கள். முன்னால் சட்டம், பின்னால் முதுகுப் பலகை, தட்டுக்கு இரண்டு பக்கமும் பிடி. அலமாரி பக்கவாட்டில் சாய்ந்து ஆடுகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. இவ்வளவு பாரத்தோடு ஆறடி அலமாரி சும்மா தரையில் நிற்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தட்டைப் பிடித்து ஏறத்தான் பார்ப்பார்கள். மேல் பக்கம் இரண்டு எல் பிராக்கெட் வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் செருகும் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போயிருக்க வேண்டும், வெறும் பூச்சில் நின்றால் ஓர் இழுப்புக்குக் கையோடு வந்துவிடும்.