கடப்பா மேடையை உடைக்காமல் ஒரு கிச்சன்

[காட்சி: மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் சமையலறை. எண்ணெய்ப் புகை படிந்த சுவர், கறுப்புக் கல் மேடை, கதவுக்கு மேலே ஒரே ஒரு பல்பு.]

வணக்கம். இது எங்கள் வீட்டுச் சமையலறை. பத்துக்கு எட்டடி. தாத்தா 1974-ல் கட்டியது. அம்மா நாற்பது வருஷம் சமைத்த இடம். போன வருஷம் இதைப் புதுப்பிக்கலாம் என்று மாடுலர் கிச்சன் கடையில் விலை கேட்டோம். முதல் வேலையாக மேடையை உடைக்க வேண்டும் என்றார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு நெருடியது. நன்றாக இருக்கும் ஒரே பொருளை உடைத்துவிட்டு, கெட்டுப்போன குழாயையும் வயரையும் அப்படியே விட்டுவிடுவது எந்தக் கணக்கு?

[காட்சி: மேடையைக் கை தடவுகிறது. அருகில் ஈரம் குடித்து உப்பிய பலகைத் துண்டு.]

சென்னைப் பழைய வீடுகளில் பெரும்பாலும் கடப்பா கல்தான். கொதிக்கிற குக்கரை அப்படியே இறக்கி வைக்கலாம், கிரைண்டரை நிரந்தரமாக உட்கார்த்தலாம். மேடைக்குக் கீழே பக்கக் கல்லும் தட்டுக் கல்லும் ஏற்கெனவே இருந்தால், மாடுலரில் பெட்டிக்குக் கொடுக்கும் காசு முழுக்க மிச்சம். கதவு மட்டும் போட்டால் போதும்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவானாலும் அதை அரிக்கும். மேடையில் வெளுத்த திட்டுகள் வருவது அதனால்தான். கறை போக வேண்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஊற்றினால் நுரைக்கும். அழுக்கு போவதாகத் தோன்றும், கரைவது கல்தான். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

[காட்சி: கையுறை அணிந்த கை, நுரைத்த தண்ணீர், வாட்டர் பேப்பர்.]

நாங்கள் செய்தது இதுதான். சலவை சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தோம். பிசுக்கு ஊறியதும் பட்டித் தகட்டால் சுரண்டி எடுத்தோம். அப்புறம் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக் கூட நைசாக இருக்கும்: முதலில் 120, பிறகு 220, கடைசியில் 400. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் போகாது. எட்டடி மேடைக்கு எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. இரண்டு நாள் காயவிட்டு கல்லுக்குள் ஈரமும் கறையும் இறங்காமல் காக்கும் ஸ்டோன் சீலர் பூசினோம். கறுப்பு அப்படியே எழுந்து வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி வந்தப்ப இப்படித்தான்டா இருந்தது" என்றார்.

மேடையும் சுவரும் சேரும் இடுக்கைக் கட்டாயம் பாருங்கள். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கித்தான் கீழே ஈரமும் கரப்பானும். பழைய சிமெண்ட்டைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு சிலிக்கோன் நிரப்புங்கள்.

[காட்சி: சிங்க்குக்கு அடியில் டார்ச் வெளிச்சம்.]

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் வரும் வீடுகளில் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே துருவும் உப்பும் அடைத்துக்கொண்டு, பென்சில் நுழைகிற அளவு ஓட்டைதான் இருக்கும். குழாயில் வேகமே இல்லை என்று பம்ப் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். அதற்குப் பதில் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போடுவது நாமே கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அளந்து வெட்டி, பிசிறு நீக்கி, சால்வென்ட் பசை தடவி, செருகி, சில விநாடி பிடித்திருக்க வேண்டும். சுவரில் குழாயைப் புதைக்கக் காடி (பள்ளம்) வெட்டாமல் மேலேயே கிளாம்ப் போட்டு ஓட்டினோம். அழகு கொஞ்சம் குறைவுதான். நாளைக்குக் கசிந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீட்டில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். உங்கள் கூரையின் பாரம் முழுக்கச் சுவர் மேல்தான் நிற்கிறது. குறுக்கே நீளமாகக் காடி வெட்டவே வேண்டாம்.

சிங்க் கழிவுக்கு வளையும் ஹோஸை நேராக ஓட்டைக்குள் செருகி வைத்திருப்பார்கள். அங்கே ட்ராப் என்னும் வளைவுக் குழாயைப் போடுங்கள். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. சின்னச் செலவு, ஆனால் எங்கள் வீட்டில் அதிக வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

[காட்சி: பழைய கட்டை வயரிங், கறுத்த ப்ளக் பாயிண்ட்.]

வயரிங்கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கணக்கை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். பழைய பாயிண்ட் 5 ஆம்பியருக்குப் போட்டது. அது சூடாகிக் கறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இண்டக்‌ஷனுக்கு போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பாயிண்ட். எர்த் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் சேர்த்துவிடுங்கள். ஈரக்கையோடு மிக்ஸியைத் தொடும் இடம் இது.

லைட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். பல்பு முதுகுக்குப் பின்னால் இருந்ததால், அம்மா இத்தனை வருஷமும் தன் நிழலிலேயே காய் நறுக்கியிருக்கிறார். பரணின் கீழ் விளிம்பில், மேடைக்கு நேர் மேலே எல்.இ.டி. பட்டை ஒன்று ஒட்டினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

[காட்சி: சிலிண்டர், ஆரஞ்சு ட்யூப்.]

கேஸ் இடத்தை மாற்ற ஏஜென்சி மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவுக்குள் வைத்தால், கதவின் கீழ்ப்பக்கத்தில் காற்றோட்ட இடைவெளி விடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ட்யூபில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வேண்டாம்.

[காட்சி: சுவர், பழைய ஜன்னல்.]

சுவரில் பழைய டைல் இருந்தால் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும் டைலை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பூசுங்கள். மற்றதன் மேலேயே, டைல் மேல் டைல் ஒட்டுவதற்கான பசையால் புதியதை ஒட்டலாம். இடிக்கிற கூலியும் மிச்சம், குப்பை அள்ளும் வண்டிக் கூலியும் மிச்சம். ஜன்னலின் பழைய எனாமல் பெயிண்ட்டை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கதவுக்குப் பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் உப்பிவிடும். டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை, அல்லது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட். முதலாவதைக் கரையானும் தொடாது. கடல் காற்றுக்குச் சாதாரண கீல் துருப்பிடிக்கும், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: ஹாலில் மேசை மேல் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குடம், அஞ்சறைப் பெட்டி.]

வேலையைப் பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள். போகிக்கு எப்படியும் பரணைக் காலி செய்வோம், பெயிண்ட்டும் சீக்கிரம் காயும். முதலில் வயர், பிறகு குழாய், பிறகு டைல், மேடை, பெயிண்ட், கடைசியில் கதவு. நாங்கள் பன்னிரண்டு நாள் ஹாலில் சமைத்தோம். அந்த நாட்களில் வேலையை வீட்டில் எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா தலையில் மட்டும் விழக் கூடாது.

எங்களுக்கு ஆன செலவு: எலக்ட்ரிக்கல் கூலியோடு 14,000 ரூபாய். சிங்க், குழாய் 9,500. டைலும் பசையும் 8,000. கதவு 11,500. சீலர், பெயிண்ட், மற்றவை 3,500. மொத்தம் 46,500.

[காட்சி: வெளிச்சமான சமையலறை. மேலே திறந்த பரண், பித்தளைப் பாத்திரங்கள்.]

சாமான்களைத் திரும்ப அடுக்குவதற்கு முன்னால் சிங்க்கை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்து விடுங்கள். கீழே ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஓர் இரவு விட்டு மறுபடியும் ஒற்றுங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் அடுக்க ஆரம்பிக்கலாம். எங்கள் பரணுக்கு இன்னும் கதவு போடவில்லை. அடுத்த தை மாதம் அதைப் போடுகிறோம்.