வாசலில் நின்ற மொழி

தில்லி வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். காய்கறிக் கடையில் இந்தி, அலுவலகக் கோப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நாளைக் கழிக்கிற உங்களிடம் ஆங்கிலத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அந்த அருமை அதற்கு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. ஆவணங்களை லத்தீன் எடுத்துக்கொண்டது. ஆங்கிலமோ வயலிலும் தொழுவத்திலும் கிடந்தது. தொழுவம் என்று நான் சும்மா சொல்லவில்லை. மேய்கிற ஆட்டுக்கு 'ஷீப்' என்ற ஆங்கிலச் சொல்லே நின்றது. வெந்து எசமானின் தட்டில் விழுந்த கறிக்கோ 'மட்டன்' என்று பிரெஞ்சுப் பெயர் வந்தது. கரோல்பாகில் நாம் கேட்டு வாங்குகிற மட்டன், ஆங்கிலம் அடங்கிக் கிடந்த காலத்தின் மிச்சம்.

தமக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் என்ன பேசப்படுகிறது என்பதே வழக்காட வந்த மக்களுக்கு விளங்கவில்லை என்று காரணம் காட்டி, வாதங்களை ஆங்கிலத்தில் நடத்துமாறு 1362இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. நீதிமன்ற ஆவணங்கள் முழுமையாக ஆங்கிலத்துக்கு மாற 1733 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சென்னையில் கும்பினியார் கோட்டை கட்டி ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது!

எளிமையால் பரவிய மொழி ஆங்கிலம் என்பாரை நான் நம்புவதில்லை. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லின் தலையில் ஒலிக்காத எழுத்தொன்றைச் சுமந்து திரிகிற மொழியில் எளிமை ஏது? கப்பலும் பீரங்கியும் வணிகமும், பிறகு அமெரிக்கப் பணமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்று அதைப் பேசுவோர் ஏறத்தாழ 150 கோடிப் பேர். தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020இல் பிரிட்டன் வெளியேறிய பிறகும், அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழியாகவே இருக்கிறது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஆங்கிலம் இல்லை. ஆனால், நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே என்கிறது 348ஆம் பிரிவு. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் உயர் நீதிமன்றத்தில் அனுமதிக்கலாம் என்று அதே பிரிவு இடம் தருவதால், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்தி நுழைந்தது. தமிழுக்கும் அதைக் கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது, இன்னும் கிட்டவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரத்தின் நீதிமன்றம் ஒன்றின் தாழ்வாரத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். நிலத் தகராறு; மஞ்சள் பையில் பத்திரங்களைச் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அவருடைய வழக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்து, வக்கீல் அடுத்த அறைக்கு ஓடிவிட்டார். என் பேச்சில் தமிழ் வாடை அடித்ததும் அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, உள்ள என்ன பேசுனாங்க? நமக்குச் சாதகமா, பாதகமா?"