மெரினா யாருடைய மகள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மெரினா என்பது ஏதோ ஒரு கவர்னர் மகளின் பெயராமே, உண்மையா? என் பேத்தி நச்சரிக்கிறாள்."

மெரினா யாருக்கும் மகள் இல்லை என்று பேத்தியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் கவர்னர் உண்டு. மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப். சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். 1881 முதல் 1886 வரை இங்கே கவர்னர். வெறிச்சோடிக் கிடந்த கடலோரத்தில் காலாற நடக்க ஒரு பாதை போட்டார். சிசிலித் தீவில் பார்த்த கடற்கரைகள் மனதில் இருந்ததால் 1884இல் அதற்கு மெரினா என்று பெயர் வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இத்தாலியில் கடலோரத்தைச் சொல்கிற சாதாரணச் சொல்தான் அது. பிறகு ஒருநாள் அவரோடு அங்கே நடந்துவந்த ஓர் இத்தாலியத் தளபதி, அதே சிசிலியின் பலேர்மோ நகரில் இருப்பதுபோல இருக்கிறதே என்றாராம். கவர்னருக்கு உச்சி குளிர்ந்திருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் பெயர் வைத்தது நடைபாதைக்கு, மணலுக்கு இல்லை. பெயர்தான் பாதையிலிருந்து மெல்ல இறங்கி மணலில் உட்கார்ந்துகொண்டது. பெயர் வைப்பது ஒருவர், வளர்ப்பது ஊர் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ஹாமில்டன் பாலம் ஊர் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதை வெள்ளைக்காரர்களே பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று திருப்பி எழுதிய கதை உங்களுக்கு மனப்பாடம். என் பாட்டி கடைசிவரை மெரினா என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது பீச்சாங்கரை. பீச்சும் அவருடையது, கரையும் அவருடையது!

சரி, பேத்தி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? போன ஞாயிறு மதியம் உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் இறங்கி நடந்தேன். செருப்புக்குள் மணல் புகுந்தது. கழற்றிக் கையில் பிடித்தால் கால் சுட்டது. பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் கடை, ராட்டினம் எல்லாம் தாண்டியும் தண்ணீர் வந்தபாடில்லை. அப்படி நடந்த தூரத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல். 1870களில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரமாக மணல் வருஷத்தில் பல மாதம் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கும். சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்து குவிந்துதான் நாம் சுண்டல் தின்கிற இந்த மைதானம். அதாவது, கவர்னர் பெயர் வைத்த காலத்தில் கரை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அதனால் ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது, பாறாங்கல் கொட்டித்தான் தடுக்க வேண்டியிருந்தது. பேத்தியை ஒருநாள் அங்கேயும் கூட்டிப் போங்கள் அம்மா. வீடு கட்ட மணல் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.