லேத் பழகிய கைக்கு சி.என்.சி.

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அவையில் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள், அங்கே ஷிஃப்ட் பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். “புது மெஷினைப் பழைய ஆளை வைத்து ஓட்ட முடியுமா?” என்பது முதலாளியின் கேள்வி. “என்னை வைத்துக்கொள்வார்களா?” என்பது லேத் ஓட்டும் டர்னரின் கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில்தான்: முடியும். ஆனால் மெஷின் விற்ற கம்பெனி அனுப்பிய ஆள் மூன்று நாள் நின்று பட்டனைக் காட்டிவிட்டுப் போவதையே பயிற்சி என்று எழுதி வைத்தால் முடியாது.

இருபது வருடம் கையால் லேத் ஓட்டியவர், எண்ணைக் கொடுத்தால் கணினியே ஓட்டும் சி.என்.சி. மெஷினில் தடுமாறுவது அவருக்கு ஒன்றும் தெரியாததால் அல்ல. தெரிந்தது அதிகம் என்பதால்தான். ஒரே ஒரு பட்டனை வைத்து இதைக் காட்டுகிறேன்.

ஒரு ஷாஃப்டின் விட்டம் 25.00 மில்லிமீட்டர் வர வேண்டும். மைக்ரோமீட்டரில் 25.03 காட்டுகிறது. 0.03 கூடுதல். மெஷின் திரையில், டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் பக்கத்தில், அந்த டூலின் தேய்மானக் கட்டத்தில் ஏற்கெனவே -0.12 இருக்கிறது. நம் டர்னர் -0.03 அடித்து ‘இன்புட்’ அமுக்குகிறார். ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலில் ‘இன்புட்’ அமுக்கினால் பழைய எண் போய்ப் புது எண் உட்காரும். ‘+இன்புட்’ அமுக்கினால்தான் பழையதோடு கூட்டிக்கொள்ளும். இப்போது -0.12 போய் -0.03 ஆகிவிட்டது. அடுத்த ஷாஃப்ட் 25.12 வருகிறது. “அடடா, 0.12 கூடிப்போச்சே” என்று -0.12 அடித்து மறுபடி ‘இன்புட்’. அடுத்தது பழையபடி 25.03. மறுபடி -0.03. செக்குமாடு மாதிரி அரை ஷிஃப்ட் இதே சுற்று. அப்போது சூப்பர்வைசர் வந்து, “இவருக்கு இதெல்லாம் வராது” என்று முடிவு கட்டிவிடுவார்.

ஏன் அப்படிச் செய்தார்? கைலேத்தில் டூலை ஜாபுக்கு உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடின் டயலை எப்படித் திருப்புவோம்? இருக்கிற இடத்திலிருந்து இன்னும் மூன்று கோடு. அந்தக் கைக்கு ‘கூட்டு’ மட்டும்தான் தெரியும், ‘மாற்றி எழுது’ என்பதே தெரியாது. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டியது ஆஃப்செட் என்றால் என்ன என்ற பாடம் அல்ல. “+இன்புட் என்பது நீங்கள் திருப்புகிற டயல். இன்புட் என்பது டயலை அழித்து எழுதுவது.” இவ்வளவுதான். இது தப்பினால் நஷ்டமும் உண்டு. கட்டத்தில் +0.05 இருக்கும்போது அதே தவறைச் செய்தால் ஷாஃப்ட் 0.05 குறைந்து வரும். கூடினதைச் சீவலாம், குறைந்தது ஸ்கிராப்.

தசமப் புள்ளியும் அப்படித்தான். விட்டத்துக்கு X25. என்று புள்ளியோடு எழுத வேண்டிய இடத்தில் புள்ளியில்லாமல் X25 என்று விட்டால், மெஷினின் செட்டிங்கைப் பொறுத்து அது 0.025 மில்லிமீட்டராகப் படிக்கப்படலாம். டூல் வேகமாகப் போய் ஜாபில், அதாவது கடையும் துண்டில், மோதும். அதனால் புது ஆள் முதல் ஜாபை எப்போதும் ஒரு வரி முடிந்ததும் நிற்கும் சிங்கிள் பிளாக் போட்டு, டூலின் வேக ஓட்டத்தைக் குறைக்கும் ரேபிட் ஓவர்ரைடை 25 சதவீதத்துக்கோ அதற்கும் கீழோ வைத்துத்தான் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் இரும்பே வேண்டாம், நைலான் ராட் போதும். மோதினாலும் டூல் தப்பும், ஆளின் தைரியமும் தப்பும்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தொழிற்சாலைக்கே வந்திராதவர்களை அவசரமாகப் பழக்க அமெரிக்காவில் 1940இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் அங்கே நிலைத்தது. நாலு படிதான்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய விடு, பிறகு கண்காணி. நம் பட்டறைகளில் இரண்டாவது படியோடு கடையைக் கட்டிவிடுகிறோம்.

மூன்றாவது படியில் ஒரே வேலையை நாலு தடவை செய்ய விடுங்கள். முதல் தடவை பேசாமல் செய்யட்டும், தவறினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். இரண்டாம் தடவை என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். மூன்றாவதில் எங்கே கவனம் என்று சொல்ல வேண்டும், நாலாவதில் ஏன் என்று. எந்த மொழியில் சொன்னாலும் சரி. ஸ்கிரீன் இங்கிலீஷில் இருக்கும், சொல்லித்தருபவர் தமிழ், கேட்பவர் கன்னடம் அல்லது இந்தி. மொழி புரியாமல் தலையாட்டியதையும் வேலை புரிந்து தலையாட்டியதையும் பிரித்துக் காட்டுவது அந்த நாலாவது தடவைதான்.

இதற்கு ஒரு தாள் வேண்டும். மூன்று நெடுவரிசை: படி, கவனிக்க வேண்டியது, காரணம். ஒரு தாளில் ஏழெட்டுப் படிக்கு மேல் போனால் அது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. ஆஃப்செட் திருத்துவது ஒரு தாள், டூலின் வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றுவது இன்னொன்று, ஜாபைப் பிடிக்கும் தாடையைக் கடையும் ஜா போரிங் வேறு. தினம் முக்கால் மணி நேரம், ஷிஃப்டின் தொடக்கத்தில், ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் உட்காரவைத்து புரொஜெக்டரில் காட்டினால் தேநீர்ச் செலவுதான் மிச்சம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அப்ரென்டிஸ் ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் என்பது புதிதாகச் சேரும் பயிலுநர்களுக்குத்தான். பழைய ஆளுக்கு அதைக் கேட்டு அலையாதீர்கள். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில், ஆட்குறைப்பில் வெளியேற்றப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி கட்ட வேண்டும் என்று இருக்கிறது. வெளியே அனுப்பிய பிறகு கட்டும் அந்தப் பதினைந்து நாளை உள்ளே இருக்கும்போதே செலவழித்தால் என்ன என்பது என் கேள்வி. தினம் முக்கால் மணி வீதம் கணக்குப் போட்டால், எட்டு மணி நேர ஷிஃப்டில் அது 160 நாள் பாடத்துக்கு வரும்.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் ஒன்று: இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை. பீஸ் கணக்கில் சம்பாதிக்கும் டர்னரைப் புது மெஷினில் நிறுத்தினால் முதல் மாதம் அவர் எண்ணிக்கை விழும், வீட்டுக்குப் போகும் பணமும் விழும். இரண்டாவது வாரமே “எனக்கு என் பழைய லேத்தே போதும் சார்” என்பார். பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள், அது வாடகைக் கணக்கு. அவருடைய கடந்த மூன்று மாத இன்சென்டிவின் சராசரியை ஆறு வாரத்துக்கு அப்படியே கொடுங்கள். அந்த ஆறு வாரமும் நைட் ஷிஃப்டில் தனியாக விடாதீர்கள். சூப்பர்வைசரின் டார்கெட்டிலிருந்தும் அந்த மெஷினை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கும்போது பயிற்சி ஆளைத்தான் முதலில் பழைய லேத்துக்கு இழுப்பார்.

கேள்வி கேட்க வருபவர்கள் உங்கள் பட்டறையில் போன வாரம் ரிஜெக்ட் ஆன ஒரு ஜாபின் விவரத்தோடு வாருங்கள். அதிலிருந்தே முதல் தாளை எழுதிப் பார்க்கலாம்.