நிறைகுடம் தளும்பாது
(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, அறங்காவலர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, அடுப்படியிலிருந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்த தாய்மார்களே, வணக்கம். விடியற்காலையிலேயே மண்டபத்தைக் கழுவி நாற்காலி போட்ட தம்பிகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவினரான குவேக்கர்களின் நம்பிக்கை, வழிபாடு, சமூக வாழ்க்கை மூன்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கியது குவேக்கர் வழி. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு, அதை உணர இடைத்தரகர் வேண்டாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பழைய முறைக் கூட்டங்களில் பூசாரியும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்காருவார்கள். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லிவிட்டு அமர்வார். பிறகு மறுபடியும் மௌனம். கடைசியில் கைகுலுக்கிக்கொண்டு எழுவார்கள். எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைக்காதீர்கள். உலகிலேயே குவேக்கர்கள் அதிகமாக இருக்கும் கென்யாவில் போதகரும் உண்டு, பாட்டும் உண்டு. ஆனாலும் அருணகிரியாருக்கு முருகன் சொன்ன ‘சும்மா இரு’ நமக்குப் புதிதா என்ன?

நம் மண்ணில் நடந்த கதை ஒன்று. 1893இல் காந்தி பிரிட்டோரியாவுக்குப் போகிறார். அங்கே கோட்ஸ் என்ற குவேக்கர் நண்பராகிறார். ஒருநாள் காந்தியின் கழுத்தில் துளசி மாலையைப் பார்த்துவிட்டு, “இது மூடநம்பிக்கை, அறுத்துவிடட்டுமா?” என்கிறார். “கூடாது, அது என் அம்மா கொடுத்தது” என்கிறார் காந்தி. மாலையும் அறுபடவில்லை, நட்பும் அறுபடவில்லை! அப்புறம் ஒருநாள், அன்றைய டிரான்ஸ்வால் அதிபர் குரூகர் வீட்டு வாசல் நடைபாதையில் காந்தி நடக்கிறார். காவலுக்கு நின்றவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தள்ளி, உதைத்துத் தெருவில் விழவைக்கிறான். அந்த நேரம் பார்த்துக் குதிரைமேல் வருகிறார் அதே கோட்ஸ். “எல்லாவற்றையும் பார்த்தேன். வழக்குப் போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன்” என்கிறார். காந்தி மறுக்கிறார். கோட்ஸ் காவலனிடம் டச்சு மொழியில் பேச, அவன் வந்து மன்னிப்புக் கேட்கிறான். காந்தி அதற்கு முன்பே மன்னித்துவிட்டார். நிறைகுடம் தளும்பாது, ஐயா!

சரி, சமூக வாழ்க்கைக்கு வருகிறேன். குவேக்கர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசி, கேட்டு, ஒரு மனமாகும்வரை காத்திருப்பார்கள். முடிவை அங்கேயே எழுதிப் படித்துக் காட்டி, எல்லோரும் சரி என்ற பிறகே பதிவு செய்வார்கள். எனக்கு நெஞ்சு வலிப்பது இங்கேதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேட்டு ஒரு கமிட்டிக்கு மனுக் கொடுத்தோம். கைதூக்கச் சொன்னார்கள். ஆறு கை எங்களுக்கு, ஏழு கை எதிராக. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அன்று ‘அ’ எழுதிய சிலேட்டோடு வெளியே நின்ற சிறுமியை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இன்று அவளுக்கு வீட்டில் தாத்தா பேசுவது புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் சட்டிபானையோடு மொழியையும்தானே சுமந்துவந்தார்கள்?

1947இல் குவேக்கர் நிவாரண அமைப்புகளுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததை விரிவாகச் சொல்ல நினைத்தேன்; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும். குவேக்கர் கல்யாணத்தில் வந்திருக்கும் எல்லோரும், குழந்தைகள்கூட, சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள். வாசலில் நாங்களும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தமிழ் வகுப்புக்கு அறை வேண்டும் என்று நினைப்பவர்கள் பெயர் எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதவிடுங்கள், தமிழில். எழுத்து வராதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர நான் இருக்கிறேன்.